வயலில் நிரப்பும் படிவம் நேரே தரவுத்தளத்துக்கு: கமக்காரர் அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளம் வடிந்த மறுவாரம் ஒரு கமக்காரர் அமைப்புச் செயலாளரின் மேசையில் என்னென்ன கிடக்கும் என்பதை வன்னியில் எவருக்கும் சொல்லித் தெரியப்படுத்த வேண்டியதில்லை. கொப்பித் தாளில் எழுதிய பெயர்கள், வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவுகள், யாரோ நீட்டிய கடதாசியின் மங்கலான படம். இவற்றை ஒருவர் இரவிரவாக எக்செலில் தட்டி முடித்தால், காலையில் இன்னும் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள்.

இந்தத் தட்டச்சு வேலையை ஒழிக்கலாம். வயல் வரம்பில் நின்று கைபேசியில் நிரப்பும் படிவம், இடையில் எவரும் மறுபடி தட்டாமலே உங்கள் தரவுத்தளத்தில் ஒரு நிரையாக, அதாவது கிடைவரிசையாக, போய்ச் சேரும்படி செய்யலாம். கணினி விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. எக்செல் பழக்கமும், ஆங்கில மெனுக்களைக் கண்டு பின்வாங்காத மனமும் போதும். இணைப்பு வேலை ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னர் எடுக்க வேண்டிய முடிவுகள்தான் ஆளைச் சோதிப்பவை. பெரும்பாலான வழிகாட்டிகள் அவற்றைத் தாண்டி ஓடிவிடுகின்றன என்பதால், நான் அங்கேதான் கூடுதல் நேரம் நிற்கப் போகிறேன்.

எடுத்துக்காட்டாகக் காலபோக நெல் அழிவுப் பதிவை எடுத்துக்கொள்வோம். பால் சேகரிப்புக்கும், கடற்றொழிலாளர் சங்கத்தின் வலை இழப்புப் பதிவுக்கும் இதே முறை பொருந்தும்.

எந்தக் கருவிகள், ஏன்

படிவத்துக்குக் கோபோ டூல்பொக்ஸ். கூகுள் ஃபோர்ம்ஸ் இன்னும் எளிது, ஆனால் இணையம் இல்லாத இடத்தில் அது உதவாது. ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கிக் காட்டோரம் போனால் சிக்னல் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கோபோவின் அண்ட்ரொயிட் செயலி, படிவத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நிரப்பியதையும் கைபேசியிலேயே வைத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும். தொண்டு நிறுவனங்களில் களப்பணி செய்த பிள்ளைகள் உங்கள் ஊரில் இருந்தால் கூப்பிடுங்கள். பலருக்கு இது கைவந்த கருவி.

தரவுத்தளத்துக்குப் போஸ்ட்கிரெஸ். இலவசம், உறுதியானது. எக்செல் போதாதா என்று கேட்பீர்கள். எக்செல் எதையும் மறுக்காது என்பதுதான் அதன் குறை. ஒரே பதிவு இருமுறை வந்தாலும் ஏக்கர் நிரலில் (நெடுவரிசையில்) ஊர்ப்பெயர் விழுந்தாலும் அது வாய் திறக்காது.

இரண்டுக்கும் இடையில், படிவத்தில் வந்ததை எடுத்துத் தரவுத்தளத்தில் தானே சேர்க்கும் என்8என் என்ற மென்பொருள். ஸாப்பியர், மேக் போன்றவையும் இதே வகைதான். ஆனால் அவை அவற்றை நடத்தும் நிறுவனங்களின் சேவரில் ஓடுபவை. உங்கள் மடிக்கணினிக்குள் இருக்கும் தரவுத்தளத்தை அவற்றால் நேரடியாக எட்ட முடியாது. மேலும், செய்யும் வேலையை எண்ணிக் காசு வாங்குபவை, வெள்ளம் வந்த கிழமையில் அந்த எண்ணிக்கை எகிறும். என்8என்னை உங்கள் கணினியிலேயே நிறுவலாம், அமைப்பின் சொந்த வேலைக்குப் பாவிக்கக் கட்டணம் இல்லை.

முதலில் கொப்பியும் பேனையும்

கணினியை இன்னும் திறக்க வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் இருத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: அட்டவணையில் ஒரு நிரை எதைக் குறிக்கிறது? ஓர் ஆளையா, ஒரு வயலையா, ஓர் அழிவையா?

ஆள் என்றால், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கரும் ஊர்க் குளத்தின் கீழ் ஒன்றரை ஏக்கரும் செய்பவருக்கு ஒரே நிரைதான். எது மூழ்கியது என்று தெரியாது. வயல் என்றால், டிசம்பரில் வெள்ளமும் ஜனவரியில் யானையும் புகுந்த வயலுக்கு இரண்டாவது அழிவைப் பதிய இடமிராது. என் தெரிவு இது: ஒரு வயலில், ஒரு போகத்தில், ஒரு தடவை கண்ட அழிவு ஒரு நிரை. ஆட்களின் விபரமும் வயல்களின் விபரமும் தனித்தனி அட்டவணைகளாகப் பின்னர் வரலாம்.

அடுத்த சிக்கல் குத்தகை. காணிக்காரர் வவுனியாவிலோ கனடாவிலோ இருப்பார், விதைத்தவர் வேறொருவர். இருவரும் தத்தம் பெயரில் பதிவார்கள், இருவரும் பொய் சொல்லவில்லை. எனவே படிவத்தில் ‘காணி யார் பெயரில்?’, ‘இந்தப் போகம் செய்பவர் யார்?’ என்று இரண்டு கேள்விகள் வேண்டும். ‘உங்கள் பெயர்’ என்று ஒற்றைக் கேள்வி கேட்டால், பணம் வரும் நாளில் அந்தக் கேள்வி சண்டையாகத் திரும்பி வரும்.

போகத்தை ஆண்டால் மட்டும் குறிக்காதீர்கள். காலபோகம் வடகீழ்ப் பருவமழையோடு ஒக்டோபர் வாக்கில் விதைக்கப்பட்டு அடுத்த ஆண்டில் அறுவடையாகிறது. வெறுமனே 2025 என்றால் எதைச் சொல்கிறீர்கள்? ‘2025/2026 காலபோகம்’, ‘2026 சிறுபோகம்’ என்று தெரிவுப் பட்டியலாகக் கொடுங்கள்.

குளத்தின் பெயரையும் தட்டவிடக் கூடாது. புதுக்குளம், பெரியகுளம் என்ற பெயர்களில் இங்கே எத்தனை இடங்கள்! பிரதேச செயலகப் பிரிவைத் தெரிவுசெய்தால் அதிலுள்ள கிராம அலுவலர் பிரிவுகள் மட்டும், அதைத் தெரிவுசெய்தால் அங்குள்ள குளங்கள் மட்டும் என்று ஒன்றின் கீழ் ஒன்றாக விரியும் பட்டியலைக் கோபோவில் அமைக்கலாம். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு குறியீடு கொடுங்கள். அட்டவணையில் குறியீடு சேரட்டும், நிரப்புபவரின் கண்ணுக்குத் தமிழ்ப் பெயர் தெரியட்டும்.

பரப்பளவைக் கேட்பதில் கவனம்

காணி அனுமதிப்பத்திரத்தில் பரப்பு ஏக்கர், றூட், பேர்ச்சஸ் என்ற வரிசையில் இருக்கும். நான்கு றூட் ஒரு ஏக்கர், ஒரு றூட் நாற்பது பேர்ச்சஸ். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்புபவர் இரண்டு ஏக்கர் இரண்டு றூட் என்பதை 2.2 என்று தட்டுவார். அது உண்மையில் இரண்டரை ஏக்கர். கால் ஏக்கருக்குச் சற்று கூடுதலானதை முந்நூறு பேரின் பட்டியலில் பெருக்கிப் பாருங்கள்.

ஆகவே தசமத்தையே கேட்காதீர்கள். ‘முழு ஏக்கர் எத்தனை?’ என்று ஓர் எண். ‘அதற்கு மேல்?’ என்று ஒரு தெரிவு: இல்லை, கால், அரை, முக்கால். அழிவுக்கும் அதே இரண்டு கேள்விகள். அழிந்தது விதைத்ததை விடக் கூடாது என்ற நிபந்தனையையும் படிவத்திலேயே வைத்துவிடலாம்.

அடையாள அட்டை, தொலைபேசி

அடையாள அட்டை இலக்கத்தில் இரண்டு வகை புழங்குகிறது. பழையது ஒன்பது இலக்கமும் ஈற்றில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும். 2016 முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு இலக்கம். அட்டையை மாற்றிய ஒருவர் ஒருமுறை பழையதையும் மறுமுறை புதியதையும் கொடுத்தால் இரண்டு ஆட்களாகிவிடுவார். தீர்வு எளிது: ஈற்றெழுத்தை நீக்கி, முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பின் ஒரு பூச்சியத்தைச் செருகினால் பழையது பன்னிரண்டு இலக்கமாகிவிடும். இதை நிரப்புபவரிடம் கேட்காதீர்கள், இடையில் என்8என் செய்யட்டும். படிவம் வந்த இலக்கத்தின் நீளத்தை மட்டும் சரிபார்த்தால் போதும். பிழையானால் தோன்றும் அறிவிப்பைத் தமிழில் எழுதுங்கள்.

தொலைபேசி இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எண் வகையாக வைக்காமல் எழுத்து வகையாக வையுங்கள். எண்ணாக வைத்தால் 07 என்று தொடங்கும் இலக்கத்தின் முதற் பூச்சியம் பறந்துவிடும்.

இன்னொன்று. யார் கேட்கிறார்கள், எதற்காக, யார் பார்ப்பார்கள் என்று சொல்லாமல் அடையாள அட்டை இலக்கம் கேட்டால் நம் சனம் மனமுவந்து தராது. தரவும் வேண்டியதில்லை. பட்டியல் எடுத்தவர்கள் இங்கே ஏராளம், பதில் சொன்னவர்கள் குறைவு. படிவத்தின் முதற் பக்கத்திலேயே மூன்று வரியில் காரணத்தை எழுதிச் சம்மதம் கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருப்பதையும் நிர்வாகக் குழுவுக்குச் சொல்லி வையுங்கள்.

படிவத்தைக் கட்டுதல்

கோபோவில் கணக்குத் திறந்து, புதிய படிவம் தொடங்கி, மேலே முடிவுசெய்த கேள்விகளைச் சேர்ப்பது அரை மணி வேலை. இரண்டு எச்சரிக்கை மட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் திரையில் தெரியும் வாசகம் ஒன்று, உள்ளே இருக்கும் பெயர் ஒன்று. உள்பெயரைச் சிறிய ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி நீங்களே வையுங்கள், படிவம் களத்துக்குப் போன பின் மாற்றாதீர்கள். வாசகத்தை எத்தனை முறையும் திருத்தலாம். இரண்டாவது, கேள்விகளைக் குழுவாகக் கட்டினால் குழுவின் பெயரும் சாய்கோடும் உள்பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். தேடும்போது அதை நினைவில் வையுங்கள்.

அழிவின் காரணத்துக்குப் பல தெரிவு அனுமதியுங்கள்: வெள்ளம், யானை, பன்றி, கபிலநிறத் தத்தி, வேறு. இவை இடைவெளி விட்ட ஒரே வரியாகத் தரவுத்தளத்துக்கு வரும் என்பதால் குறியீடுகளுக்குள் இடைவெளி இருக்கக் கூடாது. படக் கேள்விக்கு அதிகபட்ச அளவாக 1024 பிக்சல் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு படம் அனுப்பவே டேட்டா தீர்ந்துவிடும்.

தரவுத்தளத்தில் அட்டவணை

டொக்கர் என்ற மென்பொருளை மடிக்கணினியில் நிறுவி, அதன் மூலம் போஸ்ட்கிரெஸ், என்8என் இரண்டையும் ஓடவிடுவதே வசதி. நிறுவும் கட்டளைகள் அவற்றின் ஆவணங்களில் இருக்கின்றன, அப்படியே ஒட்டலாம். தரவு தங்குவதற்கான நிரந்தர இடத்தை ஒதுக்கும் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் டொக்கர் கொள்கலனை (மென்பொருள் ஓடும் தனி அறையை) அழித்தால் உள்ளே சேமித்த எல்லாமே அதோடு போகும்.

அட்டவணைகள் இரண்டு. ஒன்றில் கோபோவிலிருந்து வந்தது வந்தபடியே இருக்கட்டும். மற்றது, சீர்செய்த அழிவுப் பதிவு. சீர்செய்யும் விதியில் நாளை பிழை கண்டால் மூலம் கையில் இருக்கும்.

இரண்டிலும் முதல் நிரல், கோபோ ஒவ்வொரு பதிவுக்கும் தானே கொடுக்கும் இலக்கம். ‘இந்த இலக்கம் ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது’ என்ற தனித்துவக் கட்டுப்பாட்டை அந்த நிரலில் போடுங்கள். இந்த முழு அமைப்பும் நிற்பது அந்த ஒரு கட்டுப்பாட்டில்தான்.

ஆனால் அதே வயல் இருமுறை பதியப்படுவதைக் கட்டுப்பாட்டால் தடுக்காதீர்கள். குத்தகைக்காரர் பதிந்த பின் காணிக்காரர் பதிந்தால் அவருடையதை எந்திரம் சத்தமின்றித் தள்ளிவிடும். எதுவும் காணாமற் போகக் கூடாது. இரண்டும் உள்ளே வரட்டும். ஒரே குளக் குறியீடு, வயல் இலக்கம், போகம், காரணம் கொண்ட பதிவுகளைப் பொறுக்கிக் காட்டும் ஒரு வினவலை எழுதி வைத்து, அந்தப் பட்டியலைக் கூட்டத்தில் வாசியுங்கள். யார் செய்த வயல் என்று ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

என்8என்னுக்கென்று தரவுத்தளத்தில் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, இந்த இரு அட்டவணைகளை வாசிக்கவும் சேர்க்கவும் திருத்தவும் மட்டும் அனுமதி கொடுங்கள். அழிக்கும் அனுமதி வேண்டாம்.

தள்ளுவதா, இழுப்பதா

இணைப்பை இரண்டு விதமாகச் செய்யலாம். வெப்ஹூக் முறையில், புதிய பதிவு வந்தவுடன் கோபோ உங்கள் முகவரிக்கு அதைத் தள்ளும். வேகமானது. ஆனால் அந்த முகவரி இணையத்திலிருந்து எந்நேரமும் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும், மின்சாரம் போனால் அணையும் மடிக்கணினிக்கு அது ஒத்துவராது. மாதக் கட்டணத்தில் ஒரு சேவர் எடுக்க வேண்டிவரும்.

நான் சொல்வது இரண்டாவது முறையை: குறித்த நேரத்தில் என்8என் தானே கோபோவிடம் போய் இழுத்து வரட்டும். கணினி இரண்டு நாள் அணைந்து கிடந்தாலும் மூன்றாம் நாள் எல்லாம் வந்து சேரும். அழிவுப் பதிவு உடனுக்குடன் வர வேண்டிய செய்தியல்ல. நாளுக்கு இரண்டு முறை தாராளம்.

பெட்டிகளைக் கோத்தல்

என்8என்னை உலாவியில் திறந்து புதிய பணியோட்டம் தொடங்குங்கள். அதில் ஒவ்வொரு படியும் ஒரு பெட்டி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படும். முதற் பெட்டி நேர அட்டவணை: காலை 6 மணி, மாலை 6 மணி. பணியோட்டத்தின் அமைப்புகளில் நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றுங்கள். நீங்களே நிறுவும் என்8என் இயல்பாக நியூயோர்க் நேரத்தில் இருக்கும், காலை 6 மணி வேலை நமக்கு மாலை மூன்றரைக்கோ நாலரைக்கோதான் ஓடும். கோபோவும் பதிவு நேரத்தை உலகப் பொது நேரத்தில் தருவதால், நம் அதிகாலைப் பதிவு முந்திய நாள் திகதியில் தெரியும். போஸ்ட்கிரெஸில் நேர வலயத்தோடு கூடிய நேர வகையைத் தெரிவுசெய்தால் இந்தக் குழப்பம் தீரும்.

இரண்டாவது பெட்டி கோபோ. என்8என்னில் அதற்கென்றே ஆயத்தப் பெட்டி இருக்கிறது. கோபோ கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உள்ள ஏபிஐ சாவியை (வேறொரு மென்பொருள் உங்கள் கணக்கை அணுகப் பாவிக்கும் இரகசியக் குறியை) எடுத்து இங்கே கொடுங்கள். உங்கள் கணக்கு உலகச் சேவரிலா ஐரோப்பிய சேவரிலா என்பதையும் சரியாகக் குறியுங்கள், மாறினால் சாவி செல்லாது. பிறகு படிவத்தைத் தெரிவுசெய்து, எல்லாப் பதிவுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். ஆம், ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும். புதியவற்றை மட்டும் எடுத்தால், முன்பு வந்து பின்னர் கோபோவில் திருத்தப்பட்டவை தவறிப்போகும். ஒரு அமைப்பின் சில நூறு பதிவுகளை மறுபடி எடுப்பது கணினிக்கு ஒரு பொருட்டே அல்ல.

மூன்றாவது, சீர்செய்யும் பெட்டி. அடையாள அட்டை மாற்றம் இங்கே. நிரப்பாமல் விட்ட கேள்வி வெறுமையாக வராது, அந்தப் பெயரே வராது. எனவே ‘இல்லையெனில் வெறுமை’ என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லுங்கள். ஏக்கரைக் கூட்டும்போது விழிப்பாக இருங்கள். கோபோ எண்களையும் எழுத்தாகவே அனுப்புகிறது. முழு ஏக்கர் 2, மேலதிகம் 0.5 என்று வந்ததை அப்படியே கூட்டினால் என்8என் இரண்டையும் ஒட்டி 20.5 என்று தரும். இரண்டரை ஏக்கர்க்காரர் ஒரு நிமிடத்தில் இருபதரை ஏக்கர்க்காரராவார். முதலில் எண்ணாக மாற்றிப் பின் கூட்டுங்கள். அல்லது இரண்டு நிரலாகவே சேமித்துக் கூட்டலைத் தரவுத்தளத்திடம் விடுங்கள்.

கடைசிப் பெட்டி போஸ்ட்கிரெஸ், வந்தபடி வைக்கும் அட்டவணைக்கு ஒன்று, சீர்செய்ததற்கு ஒன்று. செயலாக ‘சேர் அல்லது திருத்து’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள், பொருத்தும் நிரலாகக் கோபோ இலக்கத்தைக் கொடுங்கள். இலக்கம் புதிதென்றால் நிரை சேரும், பழையதென்றால் அதே நிரை திருத்தப்படும். இணைப்பு விபரத்தில் துறை (போர்ட்) இலக்கம் 5432. இடத்தின் பெயராக லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டால் இணைப்பு மறுக்கப்படும். டொக்கருக்குள் ஓடும் என்8என்னுக்கு அந்தச் சொல் தன் கொள்கலனை மட்டுமே குறிக்கும். இரண்டையும் ஒரே டொக்கர் கோப்பில் எழுதியிருந்தால், அதில் போஸ்ட்கிரெஸுக்கு வைத்த சேவைப் பெயரைக் கொடுங்கள். தொடக்கநிலையாளரின் பொழுதைத் தின்பதில் இதற்குத்தான் முதலிடம்.

சோதனை

கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு மூன்று பதிவுகளை நிரப்புங்கள்: எல்லாம் நிரப்பியது ஒன்று, கட்டாயமற்றவை எல்லாம் வெறுமையாக விட்டது ஒன்று, பழைய அடையாள அட்டையும் நீண்ட பெயரும் கொண்டது ஒன்று. பின்னர் இணையத்தைத் திறந்து அனுப்பி, பணியோட்டத்தைக் கையால் ஓட்டுங்கள். மூன்று நிரைகள் வர வேண்டும்.

இப்போது மறுபடி ஓட்டுங்கள். மூன்றுதான் இருக்க வேண்டும். ஆறானால் பொருத்தும் நிரல் பிழை. கோபோவில் ஒரு பதிவின் ஏக்கரைத் திருத்தி மூன்றாம் முறை ஓட்டினால் அதே நிரையில் புதிய எண் தெரிய வேண்டும். இந்த மூன்றும் சரியானால் சோதனைப் பதிவுகளை நீக்கிவிட்டுப் பணியோட்டத்தை இயக்கத்தில் போடலாம்.

களம் தொடங்கிய பிறகு கோபோவில் எதையும் அழிக்காதீர்கள். அங்கே அழித்தது தரவுத்தளத்தில் அழியாது. பிழையான பதிவை ‘ஏற்கப்படவில்லை’ என்று குறித்தால், அந்தக் குறியும் ஒரு நிரலாக வந்து சேரும். அறிக்கை எடுக்கும்போது அதை விலக்கலாம்.

ஓடும்போது கவனிக்க வேண்டியவை

பணியோட்டத்தின் ஈற்றில் ஒரு டெலிகிராம் பெட்டி வைத்து, ‘இன்று மொத்தம் இத்தனை பதிவு’ என்று செயலாளருக்கு அனுப்பச் செய்யுங்கள். பிழை வந்தால் மட்டும் அறிவிக்கும் வசதி என்8என்னில் தனியே உண்டு, ஆனால் கணினியே அணைந்திருந்தால் அது யாருக்குச் சொல்லும்? தினசரிச் செய்தி வராத நாளில் போய்ப் பாருங்கள்.

படங்களைத் தரவுத்தளத்துக்குள் திணிக்காதீர்கள். இணைப்பு முகவரி மட்டும் நிரலில் இருக்கட்டும். படங்களை இறக்கக் கோபோப் பெட்டியிலேயே தெரிவு உண்டு.

கமநல சேவை நிலையத்துக்குக் கொடுக்கும் பட்டியலை, அவர்கள் கேட்கும் நிரல் ஒழுங்கில் எடுத்துக் கொடுங்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்கப்படாத பட்டியலில் அது இருக்கத் தேவையில்லை. சுவரில் ஒட்டும் பட்டியலில் பெயரும் குளமும் ஏக்கரும் போதும்.

வாரம் ஒருமுறை தரவுத்தளத்தின் முழுப் பிரதியைப் பென்டிரைவில் எடுங்கள். என்8என் தன் கோப்புறையில் வைத்திருக்கும் குறியாக்கச் சாவியையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சேமித்த கடவுச்சொற்களைத் திரும்ப வாசிக்க முடியாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் மாறுவார், மடிக்கணினி அவர் வீட்டில் இருக்கும். கோபோ கணக்கைத் தனியாள் மின்னஞ்சலில் திறக்காமல் அமைப்பின் மின்னஞ்சலில் திறந்து, கடவுச்சொற்களைத் தாளில் எழுதி உறையிலிட்டு, பென்டிரைவோடு பொருளாளரிடம் கொடுத்துக் கூட்ட அறிக்கையில் பதிந்துவிடுங்கள்.